பாலத்தருகே நின்ற வேந்தன்

முடியாட்சி பெரும்பாலும் மறைந்துபோன இக்காலத்தில் ஓர் அரசனைப் பற்றி எழுதப் புகுவதே வியப்பாகும். அதிலும், எந்நாட்டு வரலாற்றிலும் இடம்பெறாது, ஒரு நூலாசிரியரின் உள்ளத்திலே பிறந்து, ஏட்டிலே ஆண்டு, ஏட்டிலே மறைந்த அரசனைப் பற்றி எழுதுவது நகைப்பிற்கே இடமாகும் எனச் சிலர் கருதலாம். எங்கள் விடுதியில் ஓர் இரவு உணவிற்குப் பின் எழுந்த உரையாடலில் நண்பர் ஒருவர் இதனை வெளிப்படையாகவே கூறினார். "இருந்த அரசர்களைப் பற்றிப் படித்தே நாம் கண்ட பயன் ஒன்றுமில்லை, இல்லாத அரசனைப் பற்றிப் படித்து என்ன காணப் போகிறீர்?" என்பது அவர் வினா. அவ்விரவு யான் தக்க விடை கூற இயலாது வாளா இருந்தேன். பன்னாள் எண்ணிய பின் எனக்குத் தோன்றிய விடையே இக்கட்டுரை.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகின்றேன். அதிகாரம் உடைய ஒருவன் எத்தகையவன் என்பதை அறிதற்கு அவன் செய்தவற்றை மட்டும் எண்ணினாற் போதாது. செய்ய வல்லவனாய் இருந்தும் செய்யாது விட்டவற்றையும் எண்ணுதல் வேண்டும். அரசர் வென்ற போர்களும், எடுத்த கோட்டைகளும், கொடுத்த கொடைகளும் கல்லில் பொறிக்கப்படுகின்றன. அவர் தம்மைத் தாமே எவ்விடத்தில் நிறுத்திக்கொண்டனர் என்பது பெரும்பாலும் எங்கும் பொறிக்கப்படுவதில்லை. அதனைத் தெளிவுறக் காட்டும் வாழ்வு ஒன்றை ஒரு கற்பனை நூலில் யான் கண்டேன். அரகோர்ன் என்னும் அரசனுடைய வாழ்வு அது.

அவனைப் படைத்தவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் என்னும் ஆங்கிலப் பேராசிரியர். இன்று தென்னாப்பிரிக்கா என வழங்கும் நாட்டிலுள்ள புளூம்ஃபோன்டைன் நகரில் 1892-ஆம் ஆண்டு பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கில மொழியையும் இலக்கியத்தையும் கற்பித்தவர். 1973-ஆம் ஆண்டு மறைந்தவர். முதல் உலகப் போரில் 1916-ஆம் ஆண்டு சோம் ஆற்றங்கரைக் களத்தில் நின்றவர். தம் இளமை நண்பருள் நெருங்கிய இருவரை அப்போரில் இழந்தவர். போர் என்பது இன்னதென ஏட்டில் மட்டும் கற்றவர் அல்லர் என்பதற்காகவே இதனை ஈண்டுக் குறிக்கின்றேன். அவர் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் பெருங்கதை 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. மூன்றாம் பகுதியின் பெயரே 'அரசன் மீண்டு வருதல்' எனப் பொருள்படும்.

கதையை அறியாதார் பொருட்டு அதன் சுருக்கத்தைக் கூறுவேன். நடுவுலகம் என்பது ஆசிரியர் கற்பித்த நிலம். அங்கே சௌரோன் என்னும் கொடியோன் அனைவரையும் தன் ஆணைக்கு உட்படுத்தும் மோதிரம் ஒன்றைச் செய்து, பின் அதனை இழந்து, மீண்டும் தேடுகின்றான். அம்மோதிரம் ஷைர் என்னும் சிற்றூர் நாட்டில் வாழும் குறுகிய உருவினரான ஹாபிட்டு மக்களுள் ஒருவனாகிய ஃப்ரோடோவின் கையில் சேர்கின்றது. அது பிறந்த தீயிலேயே அதனை எறிந்து அழிக்க வேண்டும் என்பது அவன் மேல் விழுந்த கடமை. இது ஒருபுறம் நிகழ, மறுபுறம் கோண்டோர் என்னும் பேரரசு அரசனின்றி இருக்கின்றது. ஈர்னூர் என்னும் கடைசி மன்னன் பகைவன் விடுத்த போரறைகூவலைப் பொறுக்கமாட்டாது, செருக்கினால் சில வீரரோடு மட்டுமே எழுந்து சென்று மீளாதொழிந்தான். அது மூன்றாம் ஊழியின் 2050-ஆம் ஆண்டு. அன்று முதல் 969 ஆண்டுகள் அரசனின் பெயரால் காரியத்தலைவர்களே நாட்டைக் காத்து வந்தனர். தன்னை அடக்கமாட்டாத ஒருவனால் ஓர் அரியணை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு வெறுமையாயிற்று என்பதை நண்பர்கள் நினைவிற் கொள்க.

அவ்வரியணைக்கு உரிய குருதியில் 2931-ஆம் ஆண்டு பிறந்தவன் அரகோர்ன். இரண்டு வயதிலே தந்தையை இழந்தான். எல்ரோண்டு என்னும் பெரியவரின் இல்லத்தில் எஸ்டெல் என்னும் மாற்றுப் பெயரோடு வளர்ந்தான். நம்பிக்கை என்பது அப்பெயரின் பொருள். இருபதாம் வயதிலேதான் அவனுக்குத் தன் உண்மைப் பெயரும் குலமும் தெரிவிக்கப்பட்டன. அப்போது அவன் கையில் கொடுக்கப்பட்டவை முன்னோரின் முறிந்த வாளின் துண்டுகளும் ஒரு மோதிரமுமே. இருபது வயதில் 'நீ அரசன்' என்று கேட்ட இளைஞன் என்ன செய்வான்? உடனே கொடி உயர்த்திப் படை திரட்டுவான் என்றே நாம் எதிர்பார்ப்போம். அரகோர்னோ அறுபத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்தான்.

அக்காத்திருப்புச் சோம்பல் அன்று. தோரொங்கில் என்னும் வேறு பெயர் பூண்டு, முதலில் ரோஹான் நாட்டு மன்னன் தெங்கெலிடத்தும், பின்பு கோண்டோரின் காரியத்தலைவன் எக்தேலியனிடத்தும் வீரனாய்ப் பணிபுரிந்தான். தான் ஆள வேண்டிய நாட்டிலேயே பிறர்க்குக் கீழ்ப்பட்டு உழைத்தான் என்றால் அதன் அருமை நமக்குப் புலனாகும். உம்பார்த் துறைமுகத்துக் கடற்கொள்ளையரின் கலங்களை இரவில் சென்று எரித்து வெற்றியோடு மீண்டபோது நகரமே அவனை வரவேற்கக் காத்திருந்தது. அவன் நகருக்குள் வரவில்லை. தலைவனுக்கு விடைசொல்லி ஓர் ஓலை விடுத்து, தனியே வேறு திசை நோக்கி நடந்தான். புகழ் கனிந்து கையில் விழும் வேளையில் கையை மூடிக்கொள்ளுதல் எளிதோ? அரசனாகு முன்னரே அவன் அரசியல்பைப் பயின்ற இடம் இதுவென்பேன்.

அதன் பின்னர் வடநாட்டில் அலைந்து திரியும் காவலருள் ஒருவனாய், கந்தல் மேலாடையும் சேறு படிந்த காலணியுமாய் ஷைர் நாட்டின் எல்லைகளைத் தன் மக்களோடு மறைந்து காத்தான். அவன் காவலால் உறங்கிய மக்களே அவனை ஐயுற்று நோக்கினர். ஃப்ரோடோ அவனை முதன்முதல் காண்பது ஒரு விடுதியின் இருண்ட மூலையில். ஈண்டு ஒரு சுவையான செய்தி உண்டு. தொடக்கத்தில் எழுதிய படியில் டோல்கீன் அம்மூலையில் அமர்த்தியது அரசனை அன்று. மரக்காலணி அணிந்த டிராட்டர் என்னும் ஹாபிட்டு ஒருவனை. அவன் யாவன் என்பது எழுதியவர்க்கே அப்போது தெரியவில்லை. பன்முறை திருத்தி எழுதிய பின்னரே அவ்வழிப்போக்கன் அரசனாயினான். ஆகவே அரசனாகவே தோன்றிப் பின் எளியவனாக வேடம் பூண்ட பாத்திரம் அல்லன் இவன். எளியவனாகத் தோன்றிப் பின் அரசனாக வளர்ந்தவன். அவ்வெளிமை அவன் இயல்பிலேயே ஊறியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் போலும்.

இனி, கோண்டோரின் தலைநகராகிய மினாஸ் திரித்தின் வாயிலில் நிகழ்ந்ததைக் காண்போம். 3019-ஆம் ஆண்டு மார்ச்சு 15-ஆம் நாள் நகர்ப்புறத்துப் பெருவெளியில் நிகழ்ந்த போரில் தக்க வேளையிற் கலங்களோடு வந்து வெற்றிக்குத் துணைநின்றவன் அரகோர்ன். கதவு திறந்திருந்தது, காரியத்தலைவன் இறந்துவிட்டான், படையெல்லாம் அவன் பெயரை ஆர்த்தது. அந்நிலையிலும் அவன் தன் கொடியைச் சுருட்டிவிட்டான். அழைப்பின்றி நுழைந்தால் உரிமை பற்றிய பூசல் எழும், போர் முடியுமுன் அது தகாது என்று சொல்லி, நகர்க்கு வெளியே கூடாரம் அமைத்தான். ஆனால், உள்ளே குற்றுயிராய்க் கிடந்தோர்க்கு மருந்து வேண்டும் என்று காண்டால்ஃப் என்னும் முதியவர் அழைத்தபோது, முடிக்குரியவனாய் அன்றி மேலாடை போர்த்த ஒரு மருத்துவனாய் இரவில் உட்புகுந்தான். தலைவலிக்கு உதவும் களை என மக்கள் மதித்த ஏதெலாஸ் என்னும் பச்சிலையைக் கசக்கி வெந்நீரிலிட்டு, ஃபாரமிர், ஏயோவின், மெர்ரி ஆகிய மூவரை உயிர்ப்பித்தான். மெய்யரசனின் கை நோய் தீர்க்கும் கை என்பது அந்நாட்டில் வழங்கிய பழமொழி. அதனை நினைவில் வைத்திருந்தவள் மருத்துவ இல்லத்தில் பணிசெய்த ஒரு முதியவள். அரசனை அரசனென்று நகரம் அறிந்துகொண்டது அவன் வாளால் அன்று, விரல்களால்.

மூன்று நாள் கழித்து, ஏறத்தாழ 7,000 பேரோடு பகைவனின் கருவாயிலை நோக்கி அவன் புறப்பட்டான். ஃப்ரோடோவின் பணிக்குப் பகைவன் கண் படாதிருக்கவே இப்படையெடுப்பு. வெற்றிக்கு வழியே இல்லை. பாழ்நிலத்தை அடைந்தபோது இளையோர் சிலர் அச்சத்தால் நடுங்கி மேலே நடக்கமாட்டாது நின்றுவிட்டனர். போர்க்களத்தில் அஞ்சியோர்க்குப் படைத்தலைவர் விதிக்கும் தண்டம் யாதென நாம் அறிவோம். அரகோர்னோ அவர்களைச் சினவாது இரக்கத்தோடு நோக்கினான். 'திரும்பிச் செல்லுங்கள், ஆனால் ஓடாதீர்கள், வழியில் பகைவர் பற்றியிருக்கும் ஆற்றிடைத் தீவை மீட்க முயலுங்கள்' என்னும் பொருள்பட வேறொரு பணி கொடுத்தான். நாணி மீண்டும் முன்வந்தோர் சிலர். மானத்தோடு விடைபெற்றோர் சிலர். படை 6,000-க்கும் குறைந்தது. ஆனால் ஒருவனும் கோழை எனப் பெயர் பெறவில்லை. அப்பகுதியைப் படிக்குந்தோறும், தேர்வில் தவறியவனை வகுப்பறையில் எழுப்பி நிறுத்தும் வழக்கம் என் நினைவிற்கு வருகின்றது. தவறியவன் தலைநிமிர்ந்து செய்யத்தக்க ஒரு பணியைக் கொடுக்கும் தலைமை எத்துணை அரிது!

மோதிரம் அழிந்தது, சௌரோன் வீழ்ந்தான். மே 1-ஆம் நாள் முடிசூட்டு விழா. ஃபாரமிர் எழுந்து, 'இவர் அரசராய் நகருள் நுழையலாமா?' என மக்களை வினவினான், மக்கள் இசைந்தனர். பழைய மரபின்படி மன்னன் மகுடத்தைத் தந்தையின் கையிலிருந்து பெறுவான். தந்தை இறந்திருந்தால் கல்லறையிலிருந்து தானே எடுத்து அணிவான். மகுடம் அரகோர்னின் கைக்கு வந்தது. அவன் அதனைத் தலைமேல் வைத்துக்கொள்ளவில்லை. பலருடைய உழைப்பினாலும் துணிவினாலுமே தான் இவ்வுரிமை பெற்றதாகக் கூறி, மோதிரம் சுமந்த ஃப்ரோடோ அதனை ஏந்திவர, காண்டால்ஃப் சூட்ட, மண்டியிட்டுப் பெற்றான். காரியத்தலைவன் தன் வெண்கோலை ஒப்படைத்தபோது அதனையும் அவனிடமே திருப்பித் தந்து, அவன் வழியினர் அப்பதவியில் நிலைக்கவும் செய்தான். முடியைப் பெற்ற நாளிலேயே அதிகாரத்தைப் பகிர்ந்தளித்த செயல் அது.

அவன் ஆட்சியில் வழங்கிய தீர்ப்புகளும் இவ்வியல்பினவே. பெரெகோண்டு என்னும் காவலன் தன் இடத்தைவிட்டு நீங்கியதும், புனிதமான கல்லறை முற்றத்தில் குருதி சிந்தியதும் சட்டப்படி மரணத்திற்கு உரிய குற்றங்கள். ஆனால் அவன் அவற்றைச் செய்தது உயிரோடு எரிக்கப்படவிருந்த ஃபாரமிரைக் காப்பதற்காக. அரசன் மரண தண்டனையை நீக்கினான். எனினும், குற்றமே இல்லை என்று கூறி அவனைப் பழைய பணியிலேயே இருத்திவிடவுமில்லை. தலைநகரையும் அதன் காவற்படையையும் விட்டு நீங்க வேண்டும் என்றான். அதுகேட்டு அவன் முகம் வெளுத்தபோது, ஃபாரமிரின் மெய்காவற்படைக்கு அவனைத் தலைவனாக்கினான். சட்டமும் நின்றது, அருளும் நின்றது. தோற்று அடைக்கலம் புகுந்த கீழ்நாட்டாரை விடுவித்தான். தென்னாட்டாரோடு அமைதி செய்தான். சௌரோனின் அடிமைகளாய் உழுதோர்க்கு நூர்னென் ஏரியைச் சூழ்ந்த நிலத்தையே உரிமையாக்கினான். காட்டு விலங்கென வேட்டையாடப்பட்டு வந்த தொல்குடியினர்க்கு அவர்கள் வாழ்ந்த காட்டையே என்றும் உரியதாக்கி, அவர்கள் இசைவின்றி எவரும் உள்ளே செல்லலாகாது என முரசறைந்து அறிவித்தான்.

இனி, இக்கட்டுரையின் தலைப்பிற்குக் காரணமான செய்திக்கு வருகின்றேன். ஷைர் நாட்டுக் கணக்கில் 1427-ஆம் ஆண்டு அரசன் ஓர் ஆணை பிறப்பித்தான். ஷைர் சுதந்தர நாடு. தன் செங்கோல் அதனைக் காக்கும். ஆனால் மானிடர் எவரும் அதன் எல்லைக்குள் அடியெடுத்து வைத்தலாகாது என்பது அவ்வாணை. ஹாபிட்டு மக்கள் சிறியர், பெரும்படை அற்றவர், அண்மையிலேதான் மானிடக் கயவர் சிலர் உட்புகுந்து அவர்களுடைய மரங்களை வெட்டி, வீடுகளை இடித்து, உணவைக் கவர்ந்து கொடுமை செய்திருந்தனர். ஆதலின் அவ்வாணை தக்கதே. ஒன்பது ஆண்டு கழித்து, 1436-இல், அரசன் வடக்கே வந்தான். உயிரொத்த தோழர்கள் அந்நாட்டில் இருந்தனர். அதன் எல்லையை ஒருகாலத்தில் பல்லாண்டு கண்விழித்துக் காத்தவனும் அவனே. உள்ளே சென்றிருந்தால் தடுப்பார் இல்லை. தடுக்க நினைப்பாரும் இல்லை. ஊர் முழுதும் விழாக் கொண்டாடியிருக்கும். அவன் பிராண்டிவைன் ஆற்றுப் பாலம் வரை வந்தான். அங்கே நின்றான். தோழர்கள் வெளியே வந்து அவனைக் கண்டனர். தான் இட்ட ஆணைக்குத் தானே கட்டுப்பட்டு, பாலத்தைக் கடவாமல் திரும்பினான்.

இச்செய்தி நூலின் பெருங்கதையில் இல்லை. பிற்சேர்க்கையில் சில வரிகளில் வருகின்றது. போர்க்களக் காட்சிகளில் மயங்கிய வாசகர் பலர் இதனைக் கடந்துபோய்விடுவர். எனக்கோ, கருவாயில் முன் வாளேந்தி நின்ற அரகோர்னினும் இப்பாலத்தருகே வெறுங்கையோடு நின்ற அரகோர்ன் பெரியவனாகத் தோன்றுகின்றான். சட்டம் இயற்றுவோன் ஒவ்வொருவனும் அதனோடு தனக்கொரு சிறுவாயில் வைத்துக்கொள்வது உலக இயல்பு. 'நான் அன்பினால் வருகிறேன், தீங்கு செய்ய அன்று' என்பது அவ்வாயிலின் மேல் எழுதப்பட்டிருக்கும். நல்லவன் தன் நன்மையைக் காட்டித் திறந்த அவ்வாயில் வழியாகவே, அவனுக்குப் பின் தீயவனும் நுழைகின்றான். இதனை அறிந்து, அவ்வாயிலை வையாதவனே அரசன்.

பீட்டர் ஜாக்சன் என்பவர் 2001 முதல் 2003 வரை இக்கதையை மூன்று திரைப்படங்களாக எடுத்தார். அவை சிறந்த படங்கள். அவற்றைக் கண்ட பின்னரே யானும் நூலைத் தேடினேன். எனினும், பின்னர் வந்த நீண்ட பதிப்பில் ஒரு காட்சி என் உள்ளத்தை உறுத்துகின்றது. பகைவனின் தூதன் வாயிலுக்கு வெளியே வந்து இழித்துப் பேசும்போது அரகோர்ன் அவன் தலையைத் துணித்து விடுகின்றான். அரங்கிலிருப்போர் கைதட்டலாம். நூலில் அரகோர்ன் அத்தூதனைத் தீண்டவே இல்லை. அவன் கண்களை உற்று நோக்குகின்றான், அவ்வளவே. அப்பார்வைக்கே அஞ்சித் தூதன் பின்வாங்கித் தன் தூதுரிமையை நினைவூட்டுகின்றான். தூதனைக் கொல்லாமை போரினும் பழைய அறம். திரைக்கு வேண்டியது வெட்டும் கை. ஆசிரியர் காட்டியது அடங்கிய கை. இவ்வொரு வேறுபாட்டில் அரசனின் உயிர்நிலையே மாறிவிட்டது என்பது என் துணிபு.

இனி மறுப்புகளைக் காண்போம். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் என்னும் புகழ்பெற்ற கற்பனைக் கதாசிரியர் 2014-ஆம் ஆண்டு ஒரு பேட்டியில் டோல்கீனைக் குறித்து ஒரு வினா எழுப்பினார். அரகோர்ன் அறிவோடு நெடுங்காலம் ஆண்டான் என்று எழுதிவிடுதல் எளிது; அவனுடைய வரிக்கொள்கை யாது? நிலைப்படை வைத்திருந்தானா? தோற்ற ஓர்க்குகளை என்ன செய்தான்? என்பவை அவர் கேட்டவற்றின் சாரம். இவ்வினாக்கள் நேர்மையானவை. இவற்றிற்கு நூலில் நிறைவான விடை இல்லை என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. களஞ்சியக் கணக்கும் வரிக்கணக்கும் இல்லாத அரசு ஏது? பகைவரின் இனமாகிய ஓர்க்குகள் பற்றி ஆசிரியர் இரக்கத்தோடு ஒரு தீர்வு கூறவில்லை. அரகோர்ன் ஆட்சியிலும் கிழக்கிலும் தெற்கிலும் போர்கள் நிகழ்ந்தன எனப் பிற்சேர்க்கையே கூறுகின்றது. இவை யாவும் உண்மை.

ஆனால், வரிக்கொள்கைக்கு முந்திய வினா ஒன்று உண்டு. அவ்வரியைத் தானும் செலுத்துவானா என்பதே அது. நல்ல வரித்திட்டம் வகுத்தவன் அதிலிருந்து தன்னை விலக்கிக்கொள்வானாயின் அத்திட்டம் நெடுநாள் நில்லாது. மார்ட்டின் கேட்டது ஆட்சியின் கைத்திறம் பற்றி. டோல்கீன் காட்டியது அதன் அடித்தளம் பற்றி. இரண்டும் வேண்டும். ஆயினும் கைத்திறம் குறைந்தால் அதிகாரிகளைக் கொண்டு நிரப்பலாம். அடித்தளம் இல்லையேல் எதனைக் கொண்டு நிரப்புவது?

மற்றொரு மறுப்பும் உண்டு; அது இன்னும் வலியது. அரகோர்ன் அரசனானது குருதி உரிமையால் அன்றோ? குலத்தால் தலைமை பெறுவதை இன்று நாம் ஏற்கலாமா? ஏற்கலாகாது என்பதே என் விடை. இவ்விடத்தில் யான் ஆசிரியரோடு உடன்படவில்லை. குலத்தினாற் பெருமை கூறும் வழக்கம் மனிதரை எத்துணை இழிவுபடுத்தியது என்பதை நம் நாட்டில் பிறந்தவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. ஆனால் ஒன்றை நோக்குங்கள். அதே குருதியில் பிறந்தவனே ஈர்னூர். அதே குருதியின் பழங்கிளையில் பிறந்தவனே நூமெனோர்த் தீவின் கடைசி மன்னனாகிய அர்-ஃபாரஸோன். குருதி அவர்களை அரசராக்கிற்று, நல்லவராக்கவில்லை. குலத்தால் அரியணை கிடைக்கும், தகுதி கிடைக்காது என்பதை ஆசிரியரின் நூல்களே காட்டிவிடுகின்றன.

அந்நூமெனோர் மன்னர்களை நினையாமல் அரகோர்னின் இறுதியை அறிய இயலாது. அவர்கள் நீண்ட வாழ்நாள் பெற்றவர். முற்காலத்தவர் முதுமை வந்தபோது மகனிடம் கோலை ஒப்படைத்துத் தாமே அமைதியாய் உயிர் துறந்தனர். தர்-அதானமிர் என்றொரு மன்னன் மட்டும் அதற்கு முதன்முதல் மறுத்தான். அறிவு தளர்ந்த பின்னும் கோலை விடாது பற்றியிருந்தான். அப்பற்று வழிவழி வளர்ந்தது. அர்-ஃபாரஸோன் தன் உறவுமகளை வலிந்து மணந்து அவளுடைய கோலைப் பறித்தான். சாவை வெல்ல விரும்பி, சௌரோனின் சொற்கேட்டு, இறவாதவர்களின் நாட்டின் மேல் பெருங்கலங்களோடு படையெடுத்தான். இரண்டாம் ஊழியின் 3319-ஆம் ஆண்டில் அவனும் அவன் தீவும் கடலுள் மூழ்கின. கடக்கலாகாத எல்லையை அவன் கடந்தான். ஒரு நாடு அழிந்தது.

அரகோர்ன் 122 ஆண்டுகள் ஆண்டான். 210 வயதில், உடலும் அறிவும் தளருமுன்னரே, தன் காலம் முடிந்ததென உணர்ந்தான். மன்னரின் கல்லறை இல்லத்திற்கு நடந்து சென்று, தனக்கென அமைத்த படுக்கையில் அமர்ந்து, மகன் எல்டாரியோனின் கையில் முடியையும் கோலையும் கொடுத்தான். இறவாமையை அவன் பொருட்டுத் துறந்துவந்த மனைவி ஆர்வென், இன்னும் சில காலம் இருக்கலாகாதா எனக் கண்ணீரோடு வேண்டினாள். அவ்வேண்டுகோள் அவன் கடந்த சோதனைகளுள் கடைசியும் கடியதும் ஆகும். ஏனெனில் இங்கே அவனை அழைத்தது ஆசையன்று, அன்பு. அவ்வன்பிற்கும் இணங்கி எல்லையைத் தாண்டாமல், தனக்கு ஆறுதல் இல்லை என்பதையும் மறையாமல், அவன் கண் மூடினான். பாலத்தருகே நின்றவனே இங்கும் நின்றான்.

அவனுக்குப் பின் என்னாயிற்று? எல்டாரியோன் காலத்தை வைத்து டோல்கீன் ஒரு தொடர்கதை தொடங்கினார். நல்லாட்சியில் சலிப்புற்ற மக்களிடையே தீமை மீண்டும் முளைப்பதாகச் சில பக்கங்கள் எழுதி, அது மனத்தைச் சோர்விப்பதெனக் கண்டு கைவிட்டார். அப்பக்கங்கள் அவர் மறைந்த பின்னர் 1996-ஆம் ஆண்டு வெளிவந்தன. நல்லரசன் ஒருவன் வந்துவிட்டால் எல்லாம் என்றும் நன்றாகிவிடும் என்று அவர் நம்பவில்லை என்பதற்கு அவையே சான்று. அடக்கம் என்பது ஒருவன் ஈட்டி மற்றவனுக்கு விட்டுச்செல்லும் பொருள் அன்று; ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கற்க வேண்டிய பாடம்.

நண்பரின் வினாவிற்கு இப்போது விடை கூறுவேன். நமக்கு அரசன் இல்லை. இனி வரவும் வேண்டா. ஆனால் அரசனிடத்திருந்த அதிகாரம் அழிந்துவிடவில்லை. துண்டு துண்டாகப் பிரிந்து நம் அனைவர் கைக்கும் வந்திருக்கின்றது. பதினெட்டு வயது நிரம்பிய நம்மிடம் வாக்குச் சீட்டாக வந்திருக்கின்றது. விடுதிச் செயலாளரிடத்தும், வகுப்புத் தலைவரிடத்தும், நாளை நம்முள் சிலர் ஏறவிருக்கும் ஆசிரியர் மேடையிலும், அலுவலக நாற்காலியிலும், இல்லத்துத் தலைமையிலும் அது சிறு சிறு அளவில் இருக்கின்றது. வாக்குக் கேட்டு வருவோர் தாம் செய்யப் போவனவற்றை நீளமாக எடுத்துரைப்பர். 'எதனைச் செய்யாதிருப்பீர்? உம் சட்டம் உமக்கும் உண்டா?' என்று நாம் அவர்களை வினவப் பழகுதல் வேண்டும். வினவுமுன் நம்மையும் நாமே வினவிக்கொள்ளுதல் வேண்டும். உணவறை வரிசையில் நிற்க வேண்டும் என்று விதி வகுத்த செயலாளர், பசித்த வேளையில் தானும் அவ்வரிசையின் கடைசியில் நிற்பாராயின், அவரும் அப்பாலத்தருகே ஒரு கணம் நின்றவரே ஆவார்.

இல்லாத அரசனைப் படித்து யான் கண்டது இதுவே. இருப்பவர்களை அளத்தற்கு ஒரு கோல்.